சைக்கிள்களுக்குப் பின்னால் 50 வினாடிகள்

உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு நாள்தோறும் கார் ஓட்டிச் செல்லும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. மாலை வேளைகளில் ரியூசன் முடிந்து வரும் மாணவர்கள் மூவர் நால்வராக, ஒருவர் பக்கத்தில் ஒருவர் சேர்ந்து பலாலி வீதியை மறித்தபடி செல்கிறார்கள். ஞாயிறு காலையில் பண்ணைப் பக்கம் போனால் தலைக்கவசம் அணிந்த சைக்கிள் குழுக்கள் இரட்டை வரிசையில் ஓடுகின்றன. ஹோர்ன் அடித்தாலும் எவரும் விலகுவதில்லை. வரியும் கட்டாமல், அனுமதிப்பத்திரமும் இல்லாமல் வீதியைப் பிடித்துக்கொள்ளும் இவர்களை ஒற்றை வரிசையில் ஓடச் செய்ய வழி இல்லையா என்று அவர் கேட்கிறார்.

பல ஆண்டுகளாகச் சாரதிப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையிலும், இன்றும் பக்கத்து இடங்களுக்குச் சைக்கிளிலேயே போய்வருபவன் என்ற முறையிலும் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. நான்கு சைக்கிள்கள் பக்கம் பக்கமாக ஓடுவதற்கு எவராலும் நியாயம் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்கும் ஒற்றை வரிசை, நீங்கள் நினைக்கும் அளவுக்கு உங்களுக்கு உதவப்போவதில்லை. சில இடங்களில் அது நிலைமையை மோசமாக்கவும் கூடும். அதை முதலில் கணக்கோடு காட்டிவிடுகிறேன்.

சாதாரண சைக்கிள் ஒன்றின் கைப்பிடி ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலமானது. ஓடும்போது இயல்பாக ஏற்படும் தள்ளாட்டத்தையும் சேர்த்தால் ஒருவருக்கு 1 மீற்றர் இடம் வேண்டும். உங்கள் காரின் அகலம் சுமார் 1.7 மீற்றர். இரண்டுக்கும் இடையில் பாதுகாப்பான இடைவெளியாக 1.5 மீற்றர் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டினால் 4.2 மீற்றர் வருகிறது. இருதட வீதி ஒன்றில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3 மீற்றருக்கும் 3.5 மீற்றருக்கும் இடைப்பட்டது. ஆகவே தனியாகச் செல்லும் ஒரேயொரு சைக்கிளைக் கடப்பதற்கே நீங்கள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். பேருந்து என்றால் அதன் அகலம் 2.5 மீற்றர், மொத்தம் 5 மீற்றர் தேவைப்படும். எதிர்த்தடத்தில் வாகனம் வந்துகொண்டிருக்கும்போது ஒரு சைக்கிளையும் பாதுகாப்பாகக் கடக்க முடியாது, ஒன்பதையும் கடக்க முடியாது. 'ஒற்றை வரிசையில் போங்கள்' என்று சத்தமிடும் சாரதி, தன்னை அறியாமலே, இடமில்லாத இடத்தில் உரசிக்கொண்டு போவதற்கு வழி கேட்கிறார்.

அடுத்தது நீளம். பத்துப் பேர் கொண்ட குழு ஒற்றை வரிசையில், இரண்டு மீற்றர் இடைவெளி விட்டு ஓடினால் அந்த வரிசை 36 மீற்றர் நீளும். அதே பத்துப் பேர் இருவர் இருவராக ஓடினால் 17 மீற்றரில் அடங்கிவிடுவார்கள். குழு மணிக்கு 15 கிலோமீற்றரிலும் நீங்கள் 50 கிலோமீற்றரிலும் செல்வதாகவும், முன்னும் பின்னும் பத்துப் பத்து மீற்றர் விட்டுக் கடப்பதாகவும் கொண்டால், ஒற்றை வரிசையைக் கடக்க ஏறத்தாழ ஆறு வினாடிகள் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் கார் 80 மீற்றர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் வரும் வாகனமும் 80 மீற்றர் வந்திருக்கும். அதாவது கடக்கத் தொடங்கும்போது உங்களுக்கு முன்னால் 160 மீற்றர் வெறும் வீதி தெரிய வேண்டும். இரட்டை வரிசையென்றால் நான்கு வினாடிகளுக்குள் முடிந்துவிடும். 106 மீற்றர் போதும். வளைவும் மதிலும் ஒழுங்கை முகப்பும் நிறைந்த நமது வீதிகளில் 160 மீற்றர் தெளிவாகத் தெரியும் இடங்கள் எத்தனை என்பதை நாள்தோறும் ஓட்டுகிற நீங்களே அறிவீர்கள். ஒழுங்காக இருவர் இருவராக ஓடும் பெரிய குழு, கடக்கும் வேலையைச் சுருக்கித் தருகிறது.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நால்வர் பக்கம் பக்கமாக ஓடினால் நான்கு மீற்றர் போய்விடும். அது ஒரு தடத்தையே விஞ்சியது. மூவர் ஓடினாலும் மூன்றாமவரின் கைப்பிடி நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிரதேச சபைக்குரிய மூன்று மீற்றர் அகல வீதிகளிலும் ஒழுங்கைகளிலும் இருவர் சேர்ந்து ஓடுவது கூட, பின்னால் வாகனம் வந்துவிட்டால், முறையாகாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பின்வாங்கி ஒற்றை வரிசையாக வேண்டும். குழு பெரிதென்றால் அடுத்த சந்தியிலோ கோயில் வாசலிலோ ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். இதைச் செய்ய மறுக்கும் குழுவுக்கு நான் பரிந்து பேசமாட்டேன்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் நாடுகளில் இந்தச் சிக்கலை எவ்வாறு அணுகியிருக்கிறார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. பிரித்தானியாவில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிக்கோவை, சைக்கிளில் செல்பவர்கள் இருவராக அருகருகே ஓடலாம் என்பதை உறுதிப்படுத்தியதோடு, மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் கடக்கும் சாரதி குறைந்தது 1.5 மீற்றர் விட வேண்டும் என்றும், வேகம் கூடக்கூட இடைவெளியும் கூட வேண்டும் என்றும் சொல்கிறது. ஜேர்மனியில் 2020 முதல் நகருக்குள் 1.5 மீற்றர், நகருக்கு வெளியே 2 மீற்றர். பிரான்சில் நகருக்குள் 1 மீற்றர், வெளியே 1.5 மீற்றர். ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் 2015 முதல் 1 மீற்றர். அளவுகள் வேறுபட்டாலும் எல்லாவற்றிலும் பொறுப்பு முந்திச் செல்பவர் மீதே வைக்கப்பட்டிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர்கள் இங்கே சைக்கிள் குழுக்களோடு ஓடும்போது, பின்னால் வரும் வாகனம் காத்திருக்கும் என்று நம்பிவிடுவதற்கு இந்தப் பழக்கமே காரணம். அந்த நம்பிக்கையோடு டிப்பர்கள் ஓடும் வீதியில் இறங்குவது ஆபத்தானது என்பதை அவர்களுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரியையும் அனுமதிப்பத்திரத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆண்டுதோறும் பெறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் மாகாண சபைக்குப் போகிறது. அது வீதிக்கான நுழைவுச்சீட்டு அல்ல. நமது பிரதான வீதிகள் அரசாங்கத்தின் பொது வருமானத்தாலும் கடனாலும் அமைக்கப்பட்டவை. அந்தக் கடனை அடைப்பவர்களில் 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைக் கொடுத்துச் சைக்கிள் ரயர் வாங்குபவரும் ஒருவர். அனுமதிப்பத்திரமும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியும் வாகனத்துக்குக் கட்டாயமாக்கப்பட்டது, அது பிறருக்கு விளைவிக்கக்கூடிய தீங்கின் அளவை நோக்கித்தான். சைக்கிளும் அதில் இருப்பவரும் சேர்ந்து 90 கிலோ எடை வருவார்கள். மணல் ஏற்றிய டிப்பர் பத்துத் தொன்னைத் தாண்டும். சைக்கிள் ஓட முடியாத வீதி என்றால் அது தெற்கிலுள்ள அதிவேக நெடுஞ்சாலைதான். வடக்கில் அப்படியொரு வீதி இல்லை. இங்குள்ள ஒவ்வொரு வீதியும் சைக்கிளுக்கும் உரியது.

ஆனால் இந்தப் பிணக்கு சட்டத்தால் மட்டும் விளைந்ததென்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இன்றைய உரசல் பெருமளவு அதிலிருந்துதான் பிறக்கிறது. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் பெற்றோல் இங்கு வருவது தடைப்பட்டது. எஞ்சியிருந்த பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. மற்றெல்லாப் பாரத்தையும் சைக்கிளே சுமந்தது: கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, ஒருவர் பின்னாலிருந்து தாங்கிப்பிடிக்க நோயாளி. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, செம்மணி வழியாக நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்திரளில் சைக்கிள்கள் ஓட்டப்படவில்லை, உருட்டப்பட்டன. ஓட்டுவதற்கு அங்கே இடம் இருக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற வீதியில் வேகமான வாகனமே அரிது. பக்கத்தில் ஒருவரோடு கதைத்துக்கொண்டு வீதியின் நடுவில் ஓடுவது அன்று எவருக்கும் இடையூறாக இருக்கவில்லை. ஓரத்தில்தான் குழிகள் இருந்தன. நடுவில் ஓடுவதே அறிவுடைமையாகவும் இருந்தது. 2009 இல் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் எல்லாம் ஒரே மூச்சில் மாறியது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் வந்து குவிந்தன. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி யாவும் காபெற் எனப்படும் தார்ப்படை இடப்பட்டு வழுவழுப்பாயின. முன்னர் குன்றும் குழியுமே வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தன. அவை மறைந்த இடத்தில் வேறெந்தக் கட்டுப்பாடும் வரவில்லை. வீதியை மாற்றியவர்கள் சைக்கிளுக்கென ஓரத்தில் ஒரு கீற்று இடத்தைக் கூடப் பல இடங்களில் ஒதுக்கவில்லை. தந்தையிடம் சைக்கிள் ஓட்டக் கற்ற பிள்ளை அவருடைய பழைய வீதிப் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டது. அதே ஊரின் இன்னொரு பிள்ளை பதினெட்டு வயதில் மோட்டார் சைக்கிள் எடுத்துப் புதிய வீதியின் வேகத்தைக் கற்றுக்கொண்டது. இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே காபெற் வீதியில் நாள்தோறும் மோதிக்கொள்கின்றன. 2022 இல் பெற்றோல் நிலையங்களுக்கு வெளியே நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபாவைத் தொட்டபோது, கார் வைத்திருந்தவர்களும் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு எடுத்தார்கள். அந்தச் சில மாதங்கள் சாரதிகள் பலரும் சைக்கிளிலிருந்து வீதியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை நிலைத்திருக்குமென்று நான் மிகவும் எதிர்பார்த்தேன். பெற்றோல் வந்ததும் அது பெரும்பாலும் போய்விட்டது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இனி நீங்கள் குறைப்பட்ட மாணவர்களைப் பற்றி. காலையில் பாடசாலை, மாலையில் ரியூசன், இரவில் வீட்டுப் படிப்பு என்று கட்டப்பட்ட நாளில், பெரியவர்களின் கண் படாமல் அவர்கள் நண்பரோடு கதைக்கக் கிடைப்பது அந்தச் சைக்கிள் பயணம் ஒன்றுதான். பெண்பிள்ளைகள் சேர்ந்து ஓடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனியாகப் போகும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து தொந்தரவு செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மின்விளக்கு எரியாத ஒழுங்கைகள் இருக்கின்றன. கட்டாக்காலி நாய்கள் இருக்கின்றன. 'சேர்ந்து வாங்கோ, தனிய வராதேங்கோ' என்று அம்மாமாரே சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஒற்றை வரிசையில் ஓடச் சொன்னால், முன்னால் போகும் பிள்ளைக்குப் பின்னால் வருபவள் வருகிறாளா என்பது தெரியாது; அடிக்கடி திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் ஆபத்து.

இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் ஹோர்ன் பற்றிய உங்கள் குறைக்கும் இதுவே விடை. வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கும்போது தோளும் சேர்ந்து திரும்புகிறது, தோளோடு கைப்பிடியும் திரும்புகிறது; சைக்கிள் தானாகவே வலப்பக்கம், அதாவது உங்கள் வாகனத்தை நோக்கி, ஒரு முழத்துக்கு மேல் இழுபடும். பழகிய ஓட்டுநர் இதைத் தடுக்கக் கற்றிருப்பார். பதின்மூன்று வயதுப் பிள்ளை கற்றிருக்காது. ஆகவே குழுவுக்குப் பின்னால் ஐந்து மீற்றரில் வந்து நீளமாக ஹோர்ன் அடிக்கும் சாரதி, தான் விலக்க நினைத்த பிள்ளையைத் தன் சில்லை நோக்கியே இழுக்கிறார். எங்கள் வீதிகளில் ஹோர்ன் கோபத்துக்கு மட்டும் உரியதல்ல, 'நான் வருகிறேன்' என்று அறிவிக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த வழக்கத்தை நான் கைவிடச் சொல்லமாட்டேன். நாற்பது மீற்றருக்கு அப்பாலிருந்தே இரண்டு தடவை மெதுவாகத் தட்டுங்கள். பின்னர் வேகத்தைக் குறைத்து, அவர்கள் கேட்டு, புரிந்து, வரிசையைச் சரிசெய்ய நேரம் கொடுங்கள். விலகாவிட்டால் இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி, 'பிள்ளையள், கொஞ்சம் ஒதுங்குங்கோ' என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். நான் பயிற்றுவிப்பவர்களுக்கு இதையே சொல்கிறேன். விலகாத பிள்ளையை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

காத்திருப்பதால் உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடும் குழுவுக்குப் பின்னால் 300 மீற்றர் தூரம் பொறுமையாக வந்தால் 72 வினாடிகள் ஆகும். அதே தூரத்தை 50 கிலோமீற்றரில் ஓடியிருந்தால் 22 வினாடிகள். இழப்பு 50 வினாடி. அதைவிடக் கூடுதலான நேரம் நகருக்குள் ஒரு சமிக்ஞை விளக்கில் போகிறது. அங்கே எவரும் கோபப்படுவதில்லை. சைக்கிளுக்குப் பின்னால் மட்டும் அது அவமதிப்பாகத் தோன்றுவது ஏன் என்று ஒவ்வொரு சாரதியும் தன்னைத்தானே கேட்டுப் பார்க்க வேண்டும். வீதியில் பெரிய வாகனத்துக்கு முன்னுரிமை உண்டு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. டிப்பர் வந்தால் கார் ஒதுங்குகிறது, கார் வந்தால் மோட்டார் சைக்கிள் ஒதுங்குகிறது, எல்லோரும் சேர்ந்து சைக்கிளை மண்ணில் இறக்கிவிடுகிறார்கள். இந்த எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

மண்ணில் இறங்குவது அவ்வளவு எளிதும் அல்ல. காபெற்றின் விளிம்புக்கும் பக்கத்திலுள்ள கிரவலுக்கும் இடையில் பல இடங்களில் சாண் அளவு பள்ளம் இருக்கிறது. மெல்லிய ரயர் அந்த விளிம்பில் இறங்கினால் மீண்டும் ஏறும்போது சறுக்கி, சைக்கிள்காரர் வீதிப்பக்கமாகவே விழுவார். கார்த்திகை, மார்கழி மழையில் அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்து அது குழியா மதகா என்றே தெரியாது. சைக்கிளில் செல்பவர் விளிம்பிலிருந்து ஓரளவு உள்ளே தள்ளி ஓடுவதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடலுக்கு ஊடாகச் செல்லும் பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைத் தாம்போதியிலும் இவற்றோடு காற்றும் இருக்கிறது. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றோடு சாய்ந்து ஓடிக்கொண்டிருப்பவரைப் பேருந்து நெருங்கிக் கடக்கும்போது, முதலில் அதன் முன்பக்கம் தள்ளும் காற்று அவரை வெளியே அழுத்தும். பின்னர் அது காற்றை மறைக்கும்போது அவர் சாய்ந்திருந்த பக்கம் திடீரென விழப்பார்ப்பார். அது கடந்து முடிந்ததும் காற்று மீண்டும் அறையும். மூன்று வினாடிக்குள் மூன்று திசையில் அவர் சமாளிக்க வேண்டும். அங்கே 1.5 மீற்றர் இடைவெளி கூடப் போதாது.

சாரதிகள் செய்யும் தவறுகளில் என்னை மிகவும் அச்சுறுத்துவது, நீங்கள் சொல்லாத ஒன்று: குழுவை விரைவாகக் கடந்து, உடனே இடப்பக்கம் வெட்டித் தரிப்பிடத்தில் நிறுத்துவது. நேரத்தோடு போட்டியிடும் பேருந்துகள் இதை நாள்தோறும் செய்கின்றன. ஒழுங்கைக்குள் திரும்ப அவசரப்படும் கார்களும் செய்கின்றன. நீளமான வாகனம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உட்பக்கத்தில்தான் பிள்ளை இருக்கும். அடுத்த 50 மீற்றருக்குள் இடப்பக்கம் திரும்பவோ நிறுத்தவோ வேண்டியிருந்தால் குழுவைக் கடக்கவே கூடாது. பின்னாலேயே வந்து திரும்ப வேண்டும். நகரில் கார் நிறுத்திக் கதவு திறக்கும்போது வலக்கதவை இடக்கையால் திறக்கப் பழகுங்கள்; உடல் தானாகவே திரும்பி, பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இது சிறிய பழக்கம்தான், ஆனால் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு நாளில் எத்தனை கதவுகள் திறக்கப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஞாயிறு காலைக் குழுக்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர்கள் பெரியவர்கள், விருப்பத்தோடு ஓடுபவர்கள். ஆகவே மாணவர்களிடம் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே அவர்களிடம் எதிர்பார்க்கலாம். முப்பது பேர் ஒரே தொடராக ஓடுவது தவறு. எட்டுப் பேருக்கு மேற்படாத சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு வாகனம் இடையில் நுழைந்து நிற்கக்கூடிய தூரம், அதாவது குறைந்தது 50 மீற்றர், விட்டு ஓட வேண்டும். அப்போது சாரதி எல்லோரையும் ஒரே பாய்ச்சலில் கடக்க வேண்டிய நெருக்கடி இல்லை. முன்னால் ஒருவர் வேகத்தைக் கட்டுப்படுத்தவும், பின்னால் ஒருவர் வாகனம் வருவதைக் குரல் கொடுத்து அறிவிக்கவும் வேண்டும். பின்னால் இருப்பவர் சாரதிக்குக் கை காட்டி 'போங்கோ' என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர் கண்டது வேறு, சாரதி காண வேண்டியது வேறு. கடக்கலாமா என்ற முடிவைச் சாரதியே எடுக்க வேண்டும். காதில் பாட்டு வைத்துக்கொண்டு குழுவில் ஓடுவது மற்றவர் உயிரோடு விளையாடுவது. விடியுமுன் புறப்படுபவர்கள் சிவப்புப் பின்விளக்கு இல்லாமல் வீதியில் ஏறவே கூடாது.

மாணவர்களுக்கு இவற்றை யார் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. இருவருக்கு மேல் சேர்ந்து ஓடாதே, டபிள் ஏற்றிக்கொண்டு நண்பரின் தோளைப் பிடிக்காதே, மோட்டார் சைக்கிளில் வரும் நண்பன் காலால் மிதியைத் தள்ளிவிட இடம் கொடாதே, ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுமுன் காலை ஊன்றி நின்று இருபுறமும் பார் என்ற நான்கு விடயங்களையும் பாடசாலைக் காலைக்கூட்டம் ஒன்றில் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சைக்கிளின் பின்மட்காட்டில் ஒளித்தெறிப்பான் ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆனால் போதனையால் மட்டும் பிள்ளைகள் காப்பாற்றப்படமாட்டார்கள். நெதர்லாந்து இன்று சைக்கிள் பாதைகளுக்குப் பேர்போன நாடு. ஆனால் 1971 ஆம் ஆண்டில் மட்டும் அங்கே வீதி விபத்துகளில் 3,000 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400 க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடிய பின்னரே அங்கே பாதைகள் பிரிக்கப்பட்டன. இங்கே உடனடியாகச் செய்யக்கூடியது வேகக் குறைப்பு. குடிமனைகள் நிறைந்த இடங்களில் நமது எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். ஒரு வினாடி யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, 50 இல் ஓடும் கார் நிற்க ஏறத்தாழ 28 மீற்றர் எடுக்கும். 30 இல் ஓடினால் 13 மீற்றர் போதும். மோதினாலும் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். 2020 இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு அமைச்சர்கள் மாநாடு, சைக்கிளும் பாதசாரியும் வாகனமும் கலக்கும் இடங்களில் 30 ஐயே பரிந்துரைத்தது. ரியூசன் நிலையங்கள் செறிந்த பகுதிகளில் மாலை நேரத்துக்காவது அது வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் பாதைக்கு வருகிறேன். உரும்பிராயிலிருந்து கோண்டாவில், திருநெல்வேலி, பரமேஸ்வராச் சந்தி, கந்தர்மடம் வழியாக நகருக்குள் போகும்போது, வகுப்புகள் கலையும் நேரத்தில் திருநெல்வேலிக்கும் கந்தர்மடத்துக்கும் இடையில் கடக்கும் முயற்சியையே கைவிட்டு 30 இல் ஓடுங்கள்; சந்தைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும் கூட்டத்தால் அந்தத் துண்டில் நீங்கள் மிச்சம் பிடிக்கக்கூடிய நேரம் ஒரு நிமிடம் கூட இராது. நால்வராக ஓடும் அதே பிள்ளைகளை அடிக்கடி காண்கிறீர்களென்றால் அவர்கள் வரும் ரியூசன் நிலையத்தை அறிவது உங்களுக்குக் கடினமல்ல. பொலிஸில் முறையிடுமுன், அங்கு பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இருவரையாவது கூட்டிக்கொண்டு நிர்வாகியிடம் நேரில் போங்கள். எல்லா வகுப்புகளையும் ஒரே மணிக்கு விடாமல் பத்து நிமிட இடைவெளியில் விடவும், வாசலில் ஒரு பெரியவரை நிறுத்தி இருவர் இருவராக வீதியில் ஏற்றவும் கேளுங்கள். இருநூறு சைக்கிள்கள் ஒரே நேரத்தில் இறங்குவதற்கும் ஐம்பது ஐம்பதாக இறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வாரமே வீதியில் காண்பீர்கள். அடுத்த தடவை அந்த வீதியில் காபெற் வேலை தொடங்குமுன், விளிம்புப் பள்ளத்தை நிரப்பி ஓரத்தில் 1.5 மீற்றர் கீற்றைக் கோடிட்டு ஒதுக்குமாறு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியைப் பிரதேச சபைக்கும் அனுப்புங்கள். கார் வைத்திருப்பவர் ஒருவரும் சைக்கிளில் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால், அதை ஒரு தரப்பின் முறைப்பாடு என்று ஒதுக்கிவைக்க முடியாது.